ஏற்றம் இறைத்தவரும் எந்திரம் கொணர்ந்த பேராசிரியரும்

கல்விச் சங்கம் ஒன்று வெள்ளி விழாக் காணும் வேளையில், தன்னைப் பேணி வளர்த்த பெரியோரை நன்றியுடன் நினைவுகூர்வது மரபு. அம்மரபை நாமும் போற்றுகிறோம். ஆயினும் நம் மக்களின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய சிலர் நம்மவராய்ப் பிறந்தவரும் அல்லர். நமக்கென்றே உழைத்தவரும் அல்லர். அவர்கள் ஆற்றிய பணி நம் முன்னோரின் வாழ்வை ஓரிடத்தில் தொட்டது. பல இடங்களில் நம்மைக் கடந்து பிறர் வாசலுக்குச் சென்றது. அத்தகைய ஒருவர், சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கிய ஆல்பிரட் சாட்டர்ட்டன். அவருடைய வாழ்வையும் பணியையும் செங்கல்பட்டு மண்ணில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவரைப் புகழ்வது மட்டும் நம் கருத்தன்று. இகழ்வதும் நம் கருத்தன்று. உண்மையான தொண்டுள்ளம் கொண்ட ஓர் அறிஞனின் உழைப்பும், நிலமற்றவன் குடிசைக்குள் ஏன் நுழைய முடியாமற் போயிற்று என்பதை ஆராய்ந்து அறிவதே நமக்கு வேண்டுவது.

செங்கல்பட்டும் அதன் உழைப்பாளரும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய மாவட்டத்தினும் மிகப் பெரியது. சென்னை நகரைச் சூழ்ந்து, வடக்கே பொன்னேரி தொடங்கித் தெற்கே மதுராந்தகம் வரையிலும், கிழக்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்கள் வரையிலும் அது பரந்திருந்தது. 1997ஆம் ஆண்டில் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஏரிகள் நிறைந்த நாடு இது. ஆனால் ஏரி நீர் மழையை நம்பியது. ஏரி வற்றிய பின்னர் பயிரைக் காத்தவை கிணறுகள். கிணற்று நீரை மேலே கொண்டுவந்தவை மனிதர் கைகளும் கால்களும், மாடுகளின் தோள்களும் ஆகும்.

அக்கைகளும் கால்களும் யாருடையவை என்று கேட்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்ட மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அன்று பறையர் என்று பதிவு செய்யப்பட்ட நம் முன்னோர். நிலத்தின் மீதான உரிமை மிராசுதாரர்களிடம் இருந்தது. விளைநிலம் மட்டுமன்று, ஊரின் தரிசு நிலத்திலும் தமக்கே முன்னுரிமை என்று அவர்கள் வாதிட்டு வந்தனர். சேரியில் குடிசை நின்ற மண்கூட உழைப்பாளனுக்கு உரியதாக இல்லை. எசமானனை எதிர்த்தால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஏட்டளவில் ஒழித்தது. ஆனால் திருமணத்துக்கென வாங்கிய சிறு கடனுக்காகத் தந்தையும், தந்தைக்குப் பின் மகனும் படியாளாய்க் கட்டுண்டு கிடக்கும் வழக்கம் ஒழியவில்லை.

இந்நிலையை அரசின் கண்முன் நிறுத்தியவர் மாவட்ட ஆட்சியராய் இருந்த திரமென்கீர். செங்கல்பட்டுப் பறையர் பற்றி அவர் 1891ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பு, குடிமனை, நிலம், கடன், கல்வி என்னும் நான்கையும் தொட்டுப் பேசியது. அக்குறிப்பின் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே, ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் முறை தோன்றிற்று. பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் மாற்றலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று வழங்குவது இதனையே. செங்கல்பட்டில் தொண்டாற்றிய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆதாம் ஆண்ட்ரு பாதிரியாரும் இதே காலத்தில் நம் மக்களுக்கு நிலம் வேண்டுமென்று அரசிடம் ஓயாது வாதாடினார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே அவர் அமைத்த குடியிருப்பே மெல்ரோசாபுரம். நம் மக்கள் தம் கையால் தமக்கென உழுது பயிரிட இடம் பெற்ற சிற்றூர் அது. நம் பேராசிரியரை நாம் சந்திக்கவிருப்பதும் அவ்வூர்க் கிணற்றின் அருகேதான்.

வகுப்பறையை விட்டு வெளியே வந்த பேராசிரியர்

சாட்டர்ட்டன் 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். இலண்டனில் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியிலும் தென் கென்சிங்டனில் இருந்த மத்தியத் தொழிற் கல்வி நிலையத்திலும் பயின்றார். 1888ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் வயதளவில், இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியரானார். 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாய்த் தோன்றிய அக்கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்கு அது குடிபெயர்ந்தது 1920ஆம் ஆண்டில்தான். அரசின் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரித்துத் தருவதே அதன் முதன்மை வேலையாய் இருந்தது. பாலம், சாலை, கால்வாய் ஆகியவற்றைக் கட்டுவிப்போரே பொறியாளர் எனப்பட்ட காலம் அது. 1894ஆம் ஆண்டில் எந்திரப் பொறியியலும் அங்கே பாடமாயிற்று.

ஆட்சியாளர் நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர், நல்ல ஊதியமும் பங்களாவும் பெற்று, பாடம் நடத்திவிட்டுக் காலம் கழித்திருக்கலாம். சாட்டர்ட்டன் அவ்வாறு இருக்கவில்லை. இந்நாட்டு மக்கள் எவ்வாறு உழைக்கின்றனர், அவ்வுழைப்பில் எவ்வளவு பயனாகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதை அளந்து பார்க்க அவர் வயல்வெளிக்குச் சென்றார். ஏற்றத்தையும் கவலையையும் நிறுத்திப் பார்த்துக் கணக்கெடுத்தார். கலெக்டர்கள் பயிரைக் கணக்கிட்டனர். வருவாய்த் துறையினர் வரியைக் கணக்கிட்டனர். பயிருக்கு நீர் பாய்ச்சிய மனிதனின் உழைப்பைப் பொறியியல் அளவையால் கணக்கிட முற்பட்டவர்களுள் இவர் முன்னணியில் நிற்பவர். அவ்வகையில் நம் முன்னோரின் வியர்வையைத் தம் குறிப்பேட்டில் எழுதியவர் இவர் எனலாம்.

நீர் இறைத்தலின் கணக்கு

ஏற்றத்தைக் காணாத இளைய தலைமுறைக்காக அதனைச் சற்று விளக்க வேண்டும். கிணற்றோரம் நிறுத்திய கம்பத்தின் மேல் நீண்ட மரம் ஒன்று தராசுக்கோல் போல ஆடும். ஒருவர் அல்லது இருவர் அம்மரத்தின் மீது முன்னும் பின்னும் நடப்பர். அவர் முன்னே வரச் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே செல்ல அது நீரோடு மேலெழும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். பாடிப் பாடி எண்ணிக்கை வைப்பர். கால் வழுவினால் கிணற்றுக்குள் விழவேண்டியதுதான். கவலையிலோ மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்கும். அதன் சாலின் அடியில் தோலால் ஆன வால் ஒன்று உண்டு. சால் மேலே வந்ததும் அவ்வாலின் வழியே நீர் தானே கொட்டும்.

இதில் அடங்கிய உழைப்பை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது ஓர் அங்குல உயரம் நீர் நிற்க வேண்டுமாயின் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதன் எடை 100 டன்னுக்கும் சற்று மிகுதி. 20 அடி ஆழத்திலிருந்து அவ்வளவு நீரையும் தூக்க, உடல்வலிமை மிக்க ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாது உழைத்தாலும், சிந்துவது சிதறுவது எதுவுமின்றியே மூன்று நாட்கள் செல்லும். நெற்பயிர் ஒன்றுக்கு மழை போக 20 அங்குல நீரைக் கிணற்றிலிருந்து தருவதாயின் ஓர் ஏக்கருக்கே 60 ஆள்நாட்கள் ஆகும். மூன்று குதிரைத்திறன் கொண்ட சிறு எந்திரமோ, அதன் ஆற்றலில் பாதி வீணாகிப் போனாலும், அவ்வோர் அங்குல நீரை ஒன்றரை மணி நேரத்தில் இறைத்துவிடும். மூன்று நாள் ஒருபுறம், ஒன்றரை மணி மறுபுறம். இந்த வேறுபாடே சாட்டர்ட்டனை உந்திய விசை.

அந்நாளில் மின்சாரம் சிற்றூர்களுக்கு வரவில்லை. நீராவி எந்திரத்துக்கோ விறகும் கொதிகலனும் தேர்ந்த ஆளும் வேண்டும். ஆகவே எண்ணெயில் ஓடும் எந்திரத்தையும், சுழலும் தகடுகளால் நீரை வீசி உயர்த்தும் பம்பையும் அவர் தேர்ந்தெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அவர் இவ்வகையில் நடத்திய தொடக்க ஆய்வுகளுக்கு இடம் தந்தவற்றுள் ஒன்று, நாம் மேலே குறித்த மெல்ரோசாபுரம். அதனை எண்ணும்போது நமக்குச் சிறிது பெருமிதம் தோன்றுகிறது. தென்னகத்தின் வயல்களில் எந்திரத்தால் நீர் இறைக்கும் முயற்சி, பெருமிராசுதாரரின் கிணற்றில் மட்டும் நடந்துவிடவில்லை. படியாட்களாய் இருந்தோர் குடியேறிய ஊரின் கிணற்றிலும் அது நடந்தது.

ஆய்வு எளிதாய் இருக்கவில்லை. பம்பு தனக்குக் கீழே 25 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் உள்ள நீரை நடைமுறையில் உறிஞ்ச இயலாது. ஆதலால் அதனைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை கிணறுதான். மனிதன் இறைக்கும் வேகத்துக்கு ஊறிய கிணறு, எந்திரத்தின் வேகத்துக்கு ஊறுவதில்லை. ஆகவே எந்திரம் வாங்கும் முன் கிணற்றின் ஊற்றை அளக்க வேண்டும், தேவையானால் துளையிட்டு ஆழப்படுத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இப்பணிகளுக்கென அரசில் தனிப் பிரிவு ஏற்பட்டது. தம் அனுபவங்களை நீர் இறைப்புப் பாசனம் பற்றிய நூலாக அவர் 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று தமிழகமெங்கும் ஓடும் பம்புசெட்டுகளின் வரலாறு எழுதப்படுமாயின் அதன் முதல் ஏடுகளில் அவர் பெயர் இருந்தே தீரும்.

தோலும் உலோகமும்

நீர் இறைத்தலோடு அவர் பணி நிற்கவில்லை. 1897ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். அங்கே 1898ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கைவினைஞரே புதிய உலோகத்தையும் தட்டினர். ஈயம் பூசத் தேவையில்லாத, எடை குறைந்த, விலை மலிந்த அப்பாத்திரம் ஏழையின் அடுப்பங்கரைக்கும் வந்து சேர்ந்தது. தொழில் வேரூன்றியதும் 1903ஆம் ஆண்டில் அதனைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, குரோம் முறையில் தோல் பதனிடும் ஆய்வில் இறங்கினார்.

ஆவாரம்பட்டையில் பல வாரங்கள் ஊறவைத்துப் பதனிடுவது பழைய முறை. குரோமிய உப்பினால் சில நாட்களிலேயே தோலைப் பதனிடலாம். அத்தோல் நீரில் நனைந்தாலும் எளிதில் கெடாது. இதனைக் கவலைச் சாலுக்கும் காலணிக்கும் பயன்படுத்தலாம் என்று சாட்டர்ட்டன் கண்டார். எந்திரம் வாங்க இயலாத உழவனின் கவலைக்கும் உறுதியான தோற்சால் கிடைக்கட்டும் என்பதே அவ்வாய்வின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. பின்னர் 1912ஆம் ஆண்டில் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தில் குரோம் தோல் நிறுவனத்தை நிறுவினார். அதனைச் சுற்றி வளர்ந்த ஊருக்குக் குரோம்பேட்டை என்னும் பெயர் நிலைத்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் ஒன்று இவ்வாறு ஒரு வேதிப்பொருளால் பெயர் பெற்றது.

இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியது நம் சமூகம். அதே தோல் ஆய்வுக்கூடத்துக்குள் சென்றதும் அறிவியலாயிற்று. தொழிற்சாலைக்குள் சென்றதும் முதலாயிற்று. கப்பலேறியதும் அந்நியச் செலாவணியாயிற்று. தோல் உயர்ந்தது. தோலைச் சுமந்தவன் உயர்ந்தானா? முதலீடு ஒருவருடையது, வாணிகம் மற்றொருவருடையது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்ற கால்கள் மட்டும் நம்மவருடையவை. பிற்காலத்தில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தபோது, அக்கிணறுகளை நம்பி வாழ்ந்தவர்களும் ஏழைகளே.

எந்திரம் யார் வாசலில் நின்றது?

சாட்டர்ட்டனின் முயற்சிகளை ஆங்கிலேய வணிகர் பலர் விரும்பவில்லை. அரசே தொழில் நடத்தித் தனியாருக்குப் போட்டியாக நிற்பதா என்று முறையிட்டனர். 1910ஆம் ஆண்டில் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, அரசு இவ்வாறு தொழில்களைத் தொடங்கி நடத்துதல் தகாது என்று இலண்டனிலிருந்து ஆணையிட்டார். சென்னைத் தொழில்துறை முடங்கிற்று. குரோம் தோல் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. மனம் தளராத சாட்டர்ட்டன் 1912ஆம் ஆண்டில் மைசூருக்குச் சென்று அங்கே தொழில், வணிகத் துறையின் இயக்குநரானார். 1916 முதல் 1918 வரை பணியாற்றிய இந்தியத் தொழிற் குழுவில் உறுப்பினராய் அமர்ந்தார். தொழில் வளர்ச்சியில் அரசு முன்னின்று செயற்பட வேண்டும், தொழிற்கல்வியைப் பெருக்க வேண்டும் என்று அக்குழு கூறிய கருத்து, எட்டாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட அவருடைய கொள்கைக்குக் கிடைத்த வெற்றி எனலாம். 1919ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1958ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். மூன்று நாள் உழைப்பை ஒன்றரை மணியாகச் சுருக்கிய எந்திரம், அம்மூன்று நாளும் உழைத்தவனுக்கு என்ன தந்தது? எந்திரத்தின் விலை மிகுதி. அதனை வாங்க அரசு கடன் வழங்கியது. ஆனால் நிலத்தை ஈடு காட்டியவனுக்கே கடன். 1883ஆம் ஆண்டு நிலமேம்பாட்டுக் கடன் சட்டத்தின் அடிப்படையே அதுதான். நிலம் உடையவன் கடன் பெற்றான். கடன் பெற்றவன் எந்திரம் வாங்கினான். எந்திரம் வாங்கியவன் மூன்றாம் போகமும் விளைத்தான். ஏற்றத்தின் மீது நடந்தவனுக்கோ ஈடு காட்ட நிலம் இல்லை, குடிமனையும் இல்லை. அவனுக்கு எந்திரம் தந்தது கால்களுக்கு ஓய்வு. அதனோடு கைகளுக்கு வேலையின்மை.

இதில் பேராசிரியரைக் குறைகூற நாம் முற்படவில்லை. அவர் அளந்தது நீரின் எடையை, கிணற்றின் ஆழத்தை, எந்திரத்தின் விசையை. அக்கிணறு யாருடையது, அதனருகே செல்ல யாருக்கு உரிமை உண்டு என்பவற்றை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. திரமென்கீர் நிலத்தைப் பற்றி எழுதினார். எந்திரம் அவர் கையில் இல்லை. சாட்டர்ட்டன் எந்திரம் கொணர்ந்தார். நிலம் அவர் கையில் இல்லை. இரண்டும் ஒருங்கே சேர்ந்த இடம் மெல்ரோசாபுரம் போன்ற ஓரிரு சிற்றூர்களே. செங்கல்பட்டு முழுவதும் அவை சேர்ந்திருக்குமாயின் நம் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

நீரும் நிலமும் கேட்டவர்கள்

கிணறு யாருடையது என்னும் கேள்வியைப் பொறியாளர் கேட்கவில்லை. நம் தலைவர்கள் கேட்டனர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டிலேயே 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி நம் குறைகளை அச்சேற்றியவர். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தபின், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு என்பதை 1924ஆம் ஆண்டில் தீர்மானமாகவே கொணர்ந்து அரசை ஏற்கச் செய்தார். அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியது 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள். நம் மாவட்டத்துப் பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராய் வாழ்ந்த எம்.சி. ராஜா, ஆதி திராவிடர் என்னும் பெயரை 1922ஆம் ஆண்டில் அரசு ஏற்கக் காரணமாயிருந்தார். நீரும் பெயரும் இவ்வாறு போராடிப் பெறப்பட்டன.

நிலமோ இன்னும் முழுமையாய்த் திரும்பவில்லை. பஞ்சமி நிலங்கள் பல, நிபந்தனைகளை மீறிப் பிறர் கைக்குச் சென்றுவிட்டன. மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்ள காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலங்களை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். 1892ஆம் ஆண்டில் ஏட்டில் எழுதிய ஆணைக்காக நூறாண்டு கழித்தும் குருதி சிந்த நேர்ந்தது. இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாத கல்வி நிறைவான கல்வி ஆகாது.

கல்லூரி வாசல்

சாட்டர்ட்டன் பாடம் சொன்ன கல்லூரியின் வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை, தொழிற்கல்லூரிகளின் இடங்களைப் பதினான்கு பதினான்காய்ப் பகுத்து, ஒவ்வொரு பதினான்கிலும் இரண்டை அன்று அரிசனர் எனப்பட்ட நம் மக்களுக்கு ஒதுக்கியிருந்தது. செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கை நாம் அறிவோம். அதனோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கு பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றியது என்பதைப் பலர் அறியார். 1951ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. ஒடுக்கப்பட்டோரின் கல்வி உயர்வுக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுக்கு உறுதியாயிற்று. இந்தியா முழுவதும் நம் பிள்ளைகள் கல்லூரி வாசலுள் நுழையும் வழி, ஒரு வகையில் இக்கல்லூரியின் வாசலில் எழுந்த வழக்கிலிருந்தே திறந்தது.

எனினும் எல்லாருக்கும் அவ்வழி ஒரே அளவில் திறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்துவ சமயம் தழுவியோர் பட்டியல் சாதியினர் ஆகார். மெல்ரோசாபுரம் போன்ற ஊர்களில் திருச்சபையின் வழியாக நிலமும் எழுத்தும் பெற்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள், சேரியின் இழிவை மட்டும் சுமந்து, சேரிக்குரிய சலுகையை இழந்து நிற்கும் முரண்பாடு இன்றும் தீரவில்லை.

வாசலை மேலும் அகலத் திறக்க உழைத்த மற்றொரு பொறியியல் பேராசிரியரையும் ஈண்டு நன்றியுடன் குறிப்பிட வேண்டும். வாணியம்பாடியில் பிறந்து, கிண்டியில் பயின்று, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராய்த் திகழ்ந்து, 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் அவர். நுழைவுத் தேர்வு நகர்ப்புறத்துப் பயிற்சி நிலையங்களுக்கே பயன்படுகிறது, சிற்றூர் மாணவரை அது வடிகட்டிவிடுகிறது என்னும் குறை எழுந்தபோது, அதனை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாய் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்தில் பொறியியற் படிப்புக்கு நுழைவுத் தேர்வு நீங்கியது. அவர் 2021ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டமும் வந்தது. சாட்டர்ட்டன் உழைப்பை அளந்தார். அனந்தகிருஷ்ணன் வாசலின் அகலத்தை அளந்தார். இவ்விரண்டு அளவைகளும் நமக்கு வேண்டியவையே.

கடற்கரை தரும் பாடம்

இன்று மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலிக் கடற்கரையில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்குகின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் ஆலை 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. நுண்ணிய சவ்வுகளின் வழியே கடல் நீரை அழுத்திச் செலுத்துபவை பெரும் பம்புகள். நீர் செல்வது சென்னை மாநகருக்கு. தெற்கே கல்பாக்கத்தில் 1980களில் இருந்து அணுமின் உலைகள் இயங்கி வருகின்றன. மெல்ரோசாபுரத்தின் அருகிலோ இன்று பெருந்தொழில் நகரம் எழுந்து நிற்கிறது. ஏற்றம் ஆடிய நாட்டில் எந்திரங்களின் ஆட்சி நிலைபெற்றுவிட்டது. ஆயினும் பழைய கேள்வி பழையபடியே நிற்கிறது. இவற்றின் வரைபடத்தைத் தீட்டுவோருள் நம்மவர் எத்தனை பேர்? இவற்றின் வாயிலிற் காவல் நிற்போருள், கழிவைச் சுமப்போருள் நம்மவர் எத்தனை பேர்?

இக்கேள்விக்கு விடை காண்பதே கல்விச் சங்கங்களின் கடமை. பட்டம் பெற்று ஊரை மறப்பதற்காக நம் பிள்ளைகளை நாம் பொறியியல் படிக்க அனுப்பவில்லை. ஓர் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடும் அறிவும், அந்த ஏக்கர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கும் துணிவும் ஒருங்கே பெற்ற பொறியாளரே நமக்கு வேண்டும். சாட்டர்ட்டனிடம் முன்னது இருந்தது. இரட்டைமலையாரிடம் பின்னது இருந்தது. இரண்டும் ஒருவரிடம் கூடுவதற்கு நம் முன்னோர் காலத்தில் வழியில்லை. இன்று வழியுண்டு. ஏற்றத்தின் மீது நடந்த கால்களின் பேரப்பிள்ளைகள் அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டனர்.

வயலுக்கு வந்து நம் முன்னோரின் உழைப்பை மதித்து அளந்த அப்பேராசிரியருக்கு நம் நன்றி உரியது. அவர் அளக்காமல் விட்டதை அளந்து முடிப்பது நம் பிள்ளைகளின் பொறுப்பு. அவ்வழியில் அவர்களை ஆற்றுப்படுத்துவதே நம் பொறுப்பு.